லெஸ்போஸ் தீவின் மீன்பிடி ஊரில் உள்ளூர்ச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஸின் லெஸ்போஸ் தீவு துருக்கிக் கரைக்கு நேர் எதிரே, ஏஜியன் கடலின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. அதன் வடகரையில் ஸ்காலா சிகாமியாஸ் என்று ஒரு சின்ன மீன்பிடி ஊர். படகுகள் கட்டும் துறை, துறையின் முனையில் பாறைமேல் ஒரு வெள்ளைத் தேவாலயம், நிழலுக்கு ஒரு மல்பெரி மரம், கரையை ஒட்டிச் சில சாப்பாட்டுக் கடைகள். ஊர் அவ்வளவுதான். இந்தப் பக்கம் போகிறவர்கள் சாப்பாடு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தீவின் மற்ற கடலோர ஊர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

இதில் டூரிஸ்ட் கடை எது, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை எது?

இவ்வளவு சின்ன ஊரில் அப்படிப் பிரிக்க முடியாது. யாருக்கும் தெரியாமல் சந்துக்குள் ஒளிந்திருக்கும் அற்புதக் கடை என்று ஒன்று இங்கே இல்லை. சந்தே அதிகம் கிடையாது. மாலை ஆறரைக்கு ஒரு மேசையில் மூசாக்காவும் (கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுடுவது) கணவாய் வறுவலும் போகும். அதே மேசையில் ராத்திரி பத்து மணிக்குத் தீவின் தலைநகரான மித்திலினியிலிருந்து காரில் வந்த குடும்பம் உட்கார்ந்து சுட்ட மத்தி, வேகவைத்த கீரை, பொரித்த பாலாடைக்கட்டி என்று சாப்பிடும். சமையலறையும் ஒன்று, சமைப்பவரும் ஒருவர்தான். எப்போது போகிறோம், என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தட்டு மாறுகிறது.

ஆனாலும் சில அறிகுறிகள் உண்டு. வாசலில் ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டால் தாண்டிப் போய்விடலாம். சின்ன ஊர்க் கடையின் மெனுவில் பீட்சா, பர்கர், பாஸ்தா, மீன், ஆட்டுக்கறி என்று எல்லாமே இருந்தால் உள்ளே பெரிய ஃப்ரீசர் இருக்கிறது என்று பொருள். இதற்கு நேர்மாறாக, மெனுவில் பாதிப் பெயர்களுக்கு எதிரே விலையே இல்லாமல் வெறுமையாக விட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள். பழைய பாணிக் கடைகளில் எல்லாப் பதார்த்தங்களையும் அச்சடித்து வைத்திருப்பார்கள்; கிடைப்பவற்றுக்கு மட்டும்தான் விலை எழுதுவார்கள்.

தவேர்னா, ப்சாரோதவேர்னா, உசெரி, காஃபெனியோ: பலகையில் இருக்கும் இந்தப் பெயர்களுக்கு என்ன வித்தியாசம்?

தவேர்னா என்றால் பொதுவான சாப்பாட்டுக் கடை. ப்சாரோதவேர்னாவில் மீன்தான் முக்கியம். உசெரிக்குப் போகிறவர்கள் ஊசோ என்ற சோம்பு மதுவை வைத்துக்கொண்டு சின்னச் சின்னத் தட்டுகளாக வரவழைத்துக் கொறிப்பார்கள். அந்தத் தட்டுகளுக்கு மெஸே என்று பெயர். ப்சிஸ்தாரியா இறைச்சி சுடும் கடை. காஃபெனியோ நம்மூர் டீக்கடை மாதிரி: பெரியவர்கள் காலையிலிருந்து காபியும் தாயக்கட்டை உருட்டி ஆடும் தாவ்லியுமாக உட்கார்ந்திருப்பார்கள். மதியத்துக்கு மேல் அங்கேயே ஊசோவும் கூடவே ஒரு தட்டு ஆலிவ், கருவாடு, தக்காளியும் கிடைக்கும். மலைமேல் இருக்கும் மேல் ஊருக்குப் போனால் காஃபெனியோவைத் தவறவிடாதீர்கள். கடற்கரையை விட விலையும் குறைவு.

பலகையை மட்டும் நம்பவும் வேண்டாம். கடலோரத்தில் இந்த வகைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கின்றன.

எத்தனை மணிக்குப் போவது?

மதியம் இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதரைக்கு மேல். கிரேக்கர்கள் கோடையில் அதற்கு முன் சாப்பிட உட்கார மாட்டார்கள். ஏழு மணிக்குப் போனால் கடை காலியாக இருக்கும், அல்லது வடக்கு ஐரோப்பியர்கள் மட்டும் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு 'இது டூரிஸ்ட் கடை' என்று நினைத்துக்கொள்வது தப்புக் கணக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 'மாயிரெஃப்தா' என்கிற சமைத்த பதார்த்தங்களைக் காலையிலேயே பெரிய தட்டங்களில் அடுப்பில் வைத்துவிடுவார்கள். அரிசி அடைத்த தக்காளி, எண்ணெயில் வெந்த பச்சை பீன்ஸ், கத்தரிக்காய், ஆட்டுக்கறி எல்லாம் மதியம் முழுதாக இருக்கும்; இரவில் தட்டத்தின் அடியில் இருப்பதுதான் கிடைக்கும். இவை ஆறி, வெதுவெதுப்பாகத்தான் மேசைக்கு வரும். பழசைக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் வெந்த காய் கொஞ்சம் ஆறினால்தான் ருசி என்பது அவர்கள் கருத்து. இரண்டு தடவை சாப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கும் அப்படியே தோன்றலாம்.

மெனுவைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எப்படி ஆர்டர் செய்வது?

மெனுவை மூடி வைத்துவிட்டு, 'தி எஹெதே சீமெரா?' என்று கேளுங்கள். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அர்த்தம். உச்சரிப்பு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. பதிலுக்கு ஒன்று, கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்கோ சமையலறை வாசலுக்கோ கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். இல்லையென்றால் நாலு பெயர் சொல்வார். அந்த நாலில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆளுக்கு ஒரு தட்டு என்று சொல்லாதீர்கள். எல்லாம் மேசைக்கு நடுவே வரும், எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். அளவு தாராளமாக இருக்கும், அதனால் நாலு பேருக்கு ஐந்து தட்டில் ஆரம்பித்து, போதாவிட்டால் மறுபடி சொல்லிக்கொள்ளலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அந்த மேசையை அன்றைக்கு ராத்திரி வேறு யாருக்கும் தரப்போவதில்லை.

மீன் அன்றைக்குப் பிடித்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீன் வாங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணும் செவுளும் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைக் காட்டச் சொல்வதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, நேரே பெட்டியருகே போய்ப் பாருங்கள்.

மெனுவிலேயே ஒரு துப்பு இருக்கிறது. உறைய வைத்த மீனாக இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது கிரேக்கச் சட்டம். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ, 'கத்.' என்று கிரேக்க எழுத்தில் ஒரு சுருக்கமோ இருக்கும். கணவாய்க்கு இந்தக் குறி பெரும்பாலும் உண்டு. பேய்க்கணவாயைக் கம்பியில் வெயிலில் உலர்த்தித் தொங்கவிட்டிருப்பது பார்க்க அழகுதான், ஆனால் தட்டில் வருவது அதுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

'த்சிபூரா', 'லவ்ராகி' என்ற இரண்டு பெயர்கள் எல்லா மெனுவிலும் இருக்கும். கிரீஸில் இவை பெரும்பாலும் கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் பண்ணை மீன்கள். மோசமில்லை, எலும்பும் குறைவு, குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் இவற்றைச் சாப்பிட லெஸ்போஸ் வரை வர வேண்டிய அவசியம் இல்லை.

கோடையில் இழுவலைப் படகுகளுக்குத் தடை இருக்கிறது. அந்த மாதங்களில் சின்னப் படகுக்காரர்கள் செவுள்வலையிலும் தூண்டிலிலும் பிடிப்பதுதான் உள்ளூர் மீன். அதனால் பெரிய மீன் குறைவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். 'ஃபாக்ரி', 'சினாக்ரிதா' மாதிரி உயர்ந்த வகைகள் பெரும்பாலும் கிலோ 60 யூரோவுக்கு மேல் போகும். மெனுவில் போட்டிருப்பது கிலோ விலை, ஒரு தட்டின் விலை இல்லை. மீனைத் தேர்ந்தெடுத்ததும் கண்முன்னால் எடைபோடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்புறம் அடுப்புக்கு அனுப்புங்கள். சுத்தம் செய்வதற்கு முன்புள்ள எடைக்குத்தான் காசு. பில்லைப் பார்த்து அதிர்ந்துபோகிறவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர்கள்.

செலவு அதிகமில்லாமல் நல்ல மீன் வேண்டும். என்ன கேட்பது?

மத்தி. இந்தத் தீவில் இதைவிட நல்ல பதில் இல்லை.

தீவின் நடுவே நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்திருக்கிறது கலோனி வளைகுடா. ஆழம் குறைவு, மிதவை உயிர்கள் நிறைய. அங்கே வளரும் மத்திக்குக் கிரீஸ் முழுக்கப் பெயர். ஜூலை, ஆகஸ்டில் கொழுப்பேறி இருக்கும். கரி அடுப்பில் உப்பு மட்டும் போட்டுச் சுட்டு, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் கலந்து மேலே ஊற்றித் தருவார்கள். மசாலா கிடையாது. கையால் எடுத்துச் சாப்பிடலாம், அவர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

மத்தியிலேயே இன்னொரு வகை, 'சர்தேலெஸ் பாஸ்தெஸ்'. வலையிலிருந்து எடுத்ததும் கல்லுப்பில் போட்டு, சில மணி நேரம் ஊறியதும் தோலை உரித்து, முள்ளை எடுத்து, எண்ணெய் விட்டுச் சாப்பிடுவது. நெருப்பே படாத மீன் இது. கருவாடு போல உப்புக் கரிக்காது, சதை வெண்ணெய் போல இருக்கும். ஊசோவோடுதான் சாப்பிடுவார்கள். பச்சை மீனைத் தவிர்க்க வேண்டியவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், இதைத் தொட வேண்டாம். மற்றவர்கள் ஒரு தட்டு வாங்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் தீவுக்கு வருவதற்கே இது ஒரு காரணம். வெளியூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துப் பல கடைகளில் தாங்களாகச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மத்தி இல்லாத நாளில் நெத்தி­லி வகையான 'காவ்ரோஸ்', முழுதாகப் பொரித்து தலையோடு தின்னும் பொடிமீன் 'அதெரினா', இரண்டும் நல்ல தேர்வு.

ஊசோ கட்டாயமா?

இல்லை. ஆனால் லெஸ்போஸ் ஊசோவின் தீவு. தெற்கே ப்ளோமாரி என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வடிக்கிறார்கள். பர்பயானி என்ற பெயர் 1860-லிருந்து இருக்கிறது. ஊசோ என்ற பெயரை கிரீஸும் சைப்ரஸும் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹால், அதனால் ஒரே மடக்கில் குடிப்பது முட்டாள்தனம். தண்ணீர் விட்டால் பால் போல வெளுக்கும். அப்படிக் கலந்து, ஒரு மடக்கு, ஒரு வாய் மீன், கொஞ்சம் பேச்சு என்று இரண்டு மணி நேரம் இழுப்பதுதான் முறை. வெறும் வயிற்றில் ஊசோ குடிக்கிறவரை அங்கே விநோதமாகப் பார்ப்பார்கள்.

குடிக்காதவர்கள் சோடாவோ எலுமிச்சைப் பானமோ வைத்துக்கொண்டு அதே தட்டுகளைச் சாப்பிடலாம். ஏன் குடிக்கவில்லை என்று யாரும் துருவிக் கேட்பதில்லை.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

நிச்சயமாக இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் நோன்பு நாட்கள் நிறைய. ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பு, ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதா திருநாளுக்கான நோன்பு, இவை போக வருடம் முழுக்கப் பல புதன், வெள்ளிகள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், மீன் எதுவும் கூடாது. அதனால் காய்கறியையும் பருப்பையும் மட்டும் வைத்து ஒரு முழுச் சமையலே அவர்களிடம் இருக்கிறது. 'நிஸ்தீசிமோ' என்று கேட்டால் நோன்புச் சாப்பாடு. ஒரே எச்சரிக்கை: கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றை நோன்பில் அனுமதிப்பார்கள். எனவே 'ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி, ஹோரிஸ் தலாசினா' என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், மற்ற கடலுணவும் வேண்டாம்.

என்னென்ன கிடைக்கும்? மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து மேலே வெங்காயமும் எண்ணெயும் போட்ட 'ஃபாவா'. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் அடுப்பில் வைத்த 'கிகாந்தெஸ்'. கத்தரிக்காய், உருளை, சுரைக்காய் வகை எல்லாம் சேர்ந்த 'ப்ரியாம்'. தக்காளியில் வெந்த வெண்டைக்காய். தீவிலேயே லிஸ்வோரி ஊர்க் கொண்டைக்கடலைக்கு நல்ல பெயர். கோடையில் 'ஹோர்தா' என்று கேட்டால் வருவது பெரும்பாலும் 'வ்லீதா', அதாவது நம் முளைக்கீரை, தண்டுக்கீரையின் இனம். வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவார்கள். தேங்காய் இல்லாத குறைதான்.

பால் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தும் 'லாதோதீரி' இந்தத் தீவின் பாலாடைக்கட்டி, பொரித்துக் கேளுங்கள். பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த சுரைப்பூ வகை கோடையில் கிடைக்கும். புளித்த பாலும் உடைத்த கோதுமையும் சேர்த்துக் கிண்ணம் போல உலர்த்தும் 'ஹாஹ்லெஸ்' வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

கடுமையான சைவர்கள் கவனிக்க நான்கு விஷயங்கள். தக்காளி, குடைமிளகாய், திராட்சை இலை ஆகியவற்றில் அடைப்பது சில கடைகளில் வெறும் அரிசி, சிலவற்றில் கொத்துக்கறி. கேட்டே ஆக வேண்டும். வெங்காயத்தில் அடைக்கும் 'சுகானியா' லெஸ்போஸில் பெரும்பாலும் கறி போட்டதுதான். மரபான பாலாடைக்கட்டியில், பாலை உறைய வைக்க, விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் காய்க்கும் ஒன்றாகவே இருக்கலாம், அதனால் பொரித்ததை விட்டு அடுப்பில் வெந்ததைக் கேட்பது பாதுகாப்பு.

காரமே இல்லையே, எப்படிச் சாப்பிடுவது?

காரம் இல்லைதான். ஆனால் சப்பென்று இருக்காது. 1922-இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகளாக வந்த கிரேக்கர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த கைமணம் இந்தத் தீவில் நன்றாகத் தெரியும். சீரகம் போட்டு உருட்டிய கறி உருண்டை 'சுத்சுகாக்கியா' அப்படி வந்ததுதான். பட்டையும் புதினாவும் கூட வரும். ஊறுகாய் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், முதல் இரண்டு வேளை அதில்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

எண்ணெய் மிதக்கிறதே என்பவர்களுக்கு: தீவில் ஒரு கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள் இருக்கின்றன என்பார்கள். அந்த எண்ணெயை ரொட்டியால் தொட்டு எடுத்துத் தட்டைத் துடைத்துச் சாப்பிட வேண்டும்.

கேட்காமலே ரொட்டி வைக்கிறார்கள். காசு உண்டா? டிப்ஸ்?

ரொட்டிக்கு ஆளுக்கு ஒரு சின்னத் தொகை பில்லில் வரும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடலாம். விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை; திருப்தியாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம், அல்லது சில்லறையை விட்டுவிட்டு வரலாம். பில்லை நீங்கள் கேட்கும்வரை கொண்டுவர மாட்டார்கள், அது அலட்சியம் இல்லை. 'தோ லோகரியாஸ்மோ, பராகலோ' என்று சொல்லுங்கள். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்ற அறிவிப்பு கடையிலேயே ஒட்டியிருக்கும். கார்டு வாங்கும் இயந்திரம் எல்லாக் கடையிலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

கடைசியில் தர்பூசணியோ ஒரு துண்டு இனிப்போ வந்தால் அது கடைக்காரரின் உபசாரம், பில்லில் வராது. வராவிட்டால் கேட்கக் கூடாது.

ஆன்லைன் மதிப்பீடுகளை நம்பலாமா?

நட்சத்திரங்களைப் பார்க்காதீர்கள். கிரேக்க மொழியில் எழுதியவற்றை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள், அதிலும் ஜூலை, ஆகஸ்ட் அல்லாத மாதங்களில் எழுதியவற்றை. 'சூரிய அஸ்தமனம் பிரமாதம்' என்று மட்டும் எழுதியிருந்தால் சாப்பாடு பற்றி அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் அல்லது செப்டம்பர். ஆகஸ்ட் 15 மாதா திருநாளையொட்டி ஊர்க்காரர்கள் ஏதென்ஸிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் திரும்பி வருவார்கள். கூட்டம் அதிகம், ஆனால் கடைகளில் சமையலும் அப்போதுதான் முழு வீச்சில். ஆகஸ்ட் தொடக்கத்தையொட்டி கலோனி வளைகுடாக் கரையிலுள்ள ஸ்காலா கலோனிஸில் மத்தித் திருவிழாவும் நடக்கும். குளிர்காலத்தில் கடலோரக் கடைகள் பல மூடிவிடும். திறந்திருக்கும் ஓரிரண்டில் ஊர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள், மெனுவும் இருக்காது. தனிமை பிடித்தவர்களுக்கு அது நல்ல காலம்.

முன்பதிவு வேண்டுமா?

ஆகஸ்டில் வேண்டும், மற்ற மாதங்களில் தேவைப்படாது. தண்ணீரை ஒட்டிய மேசைதான் வேண்டுமென்றால் காலையில் காபிக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் படகுகள் வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தால், எந்த மீனை ராத்திரிக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.